பழைய சோறும் பெருங்குடி நெருப்பும்

சென்னையில் பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலையில் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வந்துவிட்டது என்று கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். ஒரு பக்கம் பூநாரைகள் வந்து இறங்கும் தண்ணீர், அதன் ஓரத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு. இந்தச் சதுப்பு நிலம் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. அவ்வளவு தண்ணீர் அடித்தும் ஏன் சட்டென்று அணையவில்லை? மேட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இது புரியும்.

கொட்டிய குப்பை கொட்டிய இடத்தில் சும்மா கிடக்கும் என்று நினைக்கிறோம். கிடக்காது. நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி சமையலறையிலிருந்து வருவது: மீந்த சோறு, காய்கறித் தோல், வாழை இலை, மீன் செதில். முதல் சில நாள் இடுக்குகளில் காற்று இருக்கும், அதை வைத்துக்கொண்டு நுண்ணுயிரிகள் இவற்றைத் தின்னும், குவியல் சூடாகும். அதற்குள் அடுத்த லாரி வந்து மேலே கொட்டிவிடும், அதற்கு மேல் இன்னொன்று. காற்று தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழத் தெரிந்த நுண்ணுயிரிகளின் கை ஓங்கும். இவை தோசை மாவு புளிப்பதுபோல எல்லாவற்றையும் புளிக்க வைத்து அமிலமாக்கும். மாதக்கணக்கில் இப்படி நடந்த பிறகு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மெதுவாகப் பெருகி, அந்த அமிலத்தைத் தின்று வாயுவாக்கும். சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதேதான். கலனில் வாயு குழாய் வழியாக அடுப்புக்குப் போகும், இங்கே குழாயும் இல்லை, மூடியும் இல்லை.

அந்தப் புளிப்புக் கட்டம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் பளபளப்பது ஏன்? மேலே படிந்த உலோகக் கறையைப் புளியின் அமிலம் கரைத்து எடுத்துவிடுகிறது. குப்பைக்குள்ளும் அதே வேலை நடக்கிறது, ஆனால் கரைவது கறை அல்ல, பேட்டரியிலும் உடைந்த மின்னணுப் பொருட்களிலும் உள்ள ஈயம், காட்மியம், நிக்கல். உலர்ந்த இடத்தில் தனியாகக் கிடந்தால் ஒரு பழைய பேட்டரி எளிதில் கரையாது. சோறு தனியாக இருந்தால் உரமாகும். இரண்டும் ஒரே பையில் கட்டி ஒரே மேட்டில் விழும்போதுதான் உலோகம் கரைந்த விஷச்சாறு பிறக்கிறது.

மழை அந்தச் சாற்றைக் கீழே இறக்கும். கறுப்பாக, அம்மோனியா நிறைந்து வரும் இந்தக் கசிவுநீர் மீனுக்கு நேரடியாகவே நஞ்சு. பழைய கிடங்குகள் வெறும் தரையில் கொட்டி உருவானவை, தடுக்க அடியில் எதுவும் கிடையாது. பெருங்குடியில் அடுத்திருப்பதே சதுப்பு நிலம், பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மண், அதனால் கசிவு எங்கே போய்ச் சேரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திடக்கழிவு விதிகளின்படி புதிதாகக் கட்டும் நிலநிரப்பில், அதாவது குப்பையைப் புதைக்கும் இடத்தில், 90 சென்டிமீட்டர் களிமண் அடுக்கு, அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு, கசிவைச் சேகரிக்கக் குழாய்கள் எல்லாம் இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு விதிகளிலேயே வந்தது, ஆனால் மேடுகள் அதற்கும் முன்பே வளரத் தொடங்கிவிட்டன.

சரி, நெருப்புக்கு வருவோம். மீத்தேனுக்கு வாசனை கிடையாது, நாம் முகர்வது ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற மற்ற வாயுக்களை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பற்றிய பிறகு அது உமி மூட்டம் போல நடந்துகொள்ளும், மேலே சாம்பல், உள்ளே கனல். குவியலே போர்வையாகி வெப்பத்தை வெளியே விடாது, விரிசல் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மேலே அடிக்கும் தண்ணீர் பிளாஸ்டிக் பைகள்மேல் வழுக்கி வேறு பக்கம் ஓடிவிடும். பொக்லைன் வைத்துக் கிளறி, கனலை வெளியே இழுத்துப் பரப்பி நனைக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணைப் போட்டு மூடிக் காற்றை அடைக்க வேண்டும். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பத்து நாளுக்கு மேல் புகைந்ததும் இப்படித்தான். அந்தப் புகையில் பி.வி.சி பிளாஸ்டிக் எரிந்து வரும் டையாக்சின்கள் என்ற கடும் நஞ்சும் இருக்கும் என்பதை நினைத்தால், முகமூடிகூட இல்லாமல் அங்கே குப்பை பொறுக்கும் மனிதர்கள்தான் கண்முன் வருகிறார்கள்.

எரியாவிட்டாலும் மேடு சரியலாம். உள்ளே தேங்கும் தண்ணீர் எடையைக் கூட்டும், அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்தும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு வீடுகள்மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

பெருங்குடியிலும் சென்னையின் இன்னொரு கிடங்கான கொடுங்கையூரிலும் மேட்டைக் கரைக்க எடுத்த வழி பயோமைனிங். பழைய குப்பையைத் தோண்டி, வரிசையாகக் குவித்து, நுண்ணுயிர்க் கலவை தெளித்து, அவ்வப்போது புரட்டிப்போட்டுக் காற்றுப் படவிட்டு உலர்த்துவார்கள். அப்புறம் சுழலும் பெரிய சல்லடைகளில் சலிப்பார்கள். பிளாஸ்டிக்கும் துணியும் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும், கல்லும் கட்டட இடிபாடும் பள்ளம் நிரப்ப உதவும், இரும்பு காயலான் கடைக்குப் போகும். நல்ல வேலை, இன்னும் முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை. ஆனால் சல்லடையின் அடியில் விழும் பொடிமண்தான் சிக்கல். பார்ப்பதற்கு உரம் மாதிரியே இருக்கும், கையில் எடுத்தால் கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக் துணுக்கும் தெரியும், அமிலத்தில் கரைந்த அந்த ஈயமும் காட்மியமும் கண்ணுக்குத் தெரியாமல் அதில் படிந்திருக்கும். ஒவ்வொரு குவியலையும் பரிசோதிக்காமல் இதை வயலில் கொட்டினால் கிடங்கின் நஞ்சு வயலுக்கு மாறும், அவ்வளவுதான்.