ஊர்ச் சாலையில் அடிபட்டால்: கட்டணமில்லாச் சிகிச்சை யாருக்கு, எப்படி?

வண்டி நெரிசல் நகரத்தில்தான். சாலை விபத்துச் சாவு அதிகம் கிராமப்புறத்தில். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 68 விழுக்காடு கிராமப்புறப் பகுதிகளில். நகரத்தில் வண்டி ஊர்கிறது, ஊர்ப்புற நெடுஞ்சாலையில் பறக்கிறது. விளக்கும் கிடையாது. அதைவிட, ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனை வெகுதூரம். பலத்த காயத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தை உயிரைக் காக்க வாய்ப்பு அதிகம் உள்ள நேரம் என்று மோட்டார் வாகனச் சட்டம் தனியே வரையறுத்திருக்கிறது. ஊர்ப்புறத்தில் அந்த நேரத்தில் பாதி வழியிலேயே போய்விடும்.

இதற்காகத்தான் அதே சட்டத்தின் 162-வது பிரிவின் கீழ் மத்திய அரசு 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது. மோட்டார் வாகனத்தால் எந்தச் சாலையில் அடிபட்டாலும், இத்திட்டத்துக்கென அரசு குறித்த பட்டியலில் உள்ள மருத்துவமனையில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தேசிய நெடுஞ்சாலையாக இருக்க வேண்டியதில்லை. ஊராட்சிச் சாலையும் சேர்த்திதான். வண்டி ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்தவர், நடந்து போனவர் எல்லோருக்கும் பொருந்தும். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால், உயிர் நிலைப்படும் வரையிலான சிகிச்சை மட்டுமே இத்திட்டத்தில் வரும். கிராமத்தாருக்கு இது முக்கியம்: பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட சிறிய மருத்துவமனைதான். அங்கே நிலைப்படுத்திய கையோடு, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலேயே ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற மாநில அரசுத் திட்டம் வந்துவிட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. விபத்து மாநில எல்லைக்குள் நடந்திருந்தால் போதும்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தது, மாடு முட்டியது, பாம்பு கடித்தது எதுவும் இவற்றில் சேராது. ஆனால் டிராக்டர் மோட்டார் வாகனம்தான். அது சாலையில் இடித்தால் திட்டம் பொருந்தும்.

“தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலையணும்” என்ற பயம் இன்னும் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அதைத் தீர்த்துவிட்டது. உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்வது அவர் விருப்பம். மருத்துவமனையில் அவரைப் பிடித்து வைக்கவும் கூடாது. பலத்த காயம்பட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிரைக் காப்பாற்றியவருக்கு மத்திய அரசின் ‘ராஹ்-வீர்’ திட்டத்தில் ரூ.25,000 பரிசும் உண்டு. பலர் சேர்ந்து தூக்கியிருந்தால் சமமாகப் பிரியும்.

முதலில் 108-ஐ அழையுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. கிலோமீட்டர் கல், பாலம், கோயில் என்று ஒரு அடையாளம் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும், ஏனென்றால் விபத்து பதிவாகாவிட்டால் பின்னால் கோரிக்கையை நிரூபிப்பது கடினம்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் இழப்பீடு தனி: இறப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. மனுவை விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. வண்டி எது என்று தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள்.