காயல் கதவை எப்போது திறப்பது?

கேரளத்தின் குட்டநாட்டில் வயலைவிட வாய்க்கால் உயரம். கடல் மட்டத்துக்கும் கீழே, சில இடங்களில் 2 மீட்டர் ஆழத்தில்கூட, நெல் விளைகிறது. பக்கத்திலேயே வேம்பநாட்டுக் காயல், அதற்கு அந்தப் பக்கம் அரபிக்கடல்.

மழைக்காலத்தில் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளமே கடல்நீரை வெளியே தள்ளிவிடும். மழை ஓய்ந்து ஆறுகள் மெலிந்ததும், ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு, கடல்நீர் உள்ளே ஏறும். உப்புநீர் கனம் கூடியது. அதனால் நன்னீரோடு சட்டென்று கலக்காமல், ஆப்பு இறங்குவதுபோல அடியில் புகுந்து முன்னேறுகிறது. மேலே அள்ளிய தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும், அடியில் கரிக்கும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நெல்லோ 2 கிராமைத் தாண்டினாலே தடுமாற ஆரம்பித்துவிடும்.

அதனால் 1970-களில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்த தடுப்பணை கட்டினார்கள். டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கி, மார்ச் நடுவில் தூக்குவது ஏற்பாடு. கொல்லத்திலிருந்து வடக்கே போகும் தேசிய நீர்வழி 3-உம் இதே இடத்தைத்தான் கடக்கிறது. படகுகளுக்காகத் தனியாக லாக் உண்டு. முன்னும் பின்னும் இரண்டு கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும்.

நெல் பிழைத்தது. ஆனால் ஆற்றுக்கொஞ்சைப் பாருங்கள். ஒரு சாணுக்கும் மேல் வளரக்கூடிய இந்த நன்னீர் இறால், ஆற்றில் வளர்ந்தாலும் குஞ்சு பிழைக்க லேசான உப்பு வேண்டும். சினை சுமந்த பெட்டை உப்பு இருக்கும் பக்கம் இறங்கிவரும். குஞ்சுகள் தேறியதும் திரும்ப ஆற்றுக்கு ஏறும். அந்தப் பாதையில் நிற்கிறது ஷட்டர். வெங்காயத்தாமரைக்கு உப்பு ஆகாது. உப்பு வராத தென்பகுதியில் அது மண்டிப்போய்ப் படகு விசிறியில் சுற்றிக்கொள்கிறது. வயலின் பூச்சிமருந்தும் ஹவுஸ்போட் கழிவும் வெளியேற வழியில்லாமல் தேங்குகின்றன.

விவசாயி, மீனவர், படகோட்டி என எல்லோருக்கும் சொந்தமான தண்ணீர் இது. கதவு மூடியிருக்கும் நாட்களை எவ்வளவு குறைக்கிறோமோ, அவ்வளவுக்கு எல்லோருக்கும் நல்லது. அதற்கு, காயலின் அடித்தண்ணீரில் உப்பை அளந்து, அந்த அளவைப் பார்த்து ஷட்டரை இயக்க வேண்டும் என்பேன். அப்புறம், விதைப்பு. ஒரு பாடசேகரத்தில் (ஒரே வரப்புக்குள் சேர்த்துப் பயிரிடும் வயல்தொகுதி) விதைப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அந்த வயலுக்காகக் காயல் முழுவதும் மூடிக் கிடக்கும். எல்லாப் பாடசேகரங்களும் ஒரே வாரத்தில் விதைத்தால், ஏற்பாட்டின்படி மார்ச்சிலேயே ஷட்டரைத் தூக்கிவிடலாம்.