வானத்திலிருந்து ராக்கெட் துண்டு விழுந்தால் இழப்பீடு கிடைக்குமா?

2022 ஏப்ரல் 2 இரவு, மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் காலி இடத்தில் சுமார் 3 மீட்டர் அகலமுள்ள உலோக வளையம் வானத்திலிருந்து வந்து விழுந்தது. சீனாவின் லாங் மார்ச் ராக்கெட்டின் பாகமாக இருக்கலாம் என்றார்கள் வல்லுநர்கள். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஒரு வீட்டுக் கூரையில் விழுந்திருந்தால் அந்தக் குடும்பம் யாரிடம் போய் நின்றிருக்கும்? புயல் நிவாரணத்துக்கு ஒரே ஒரு கையெழுத்து வாங்க மாதக்கணக்கில் அலைந்தவர்களோடு நானும் அலுவலக வாசலில் காத்துக் கிடந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விதி என்னவோ எளிமையானது. 1972ஆம் ஆண்டின் விண்வெளிப் பொறுப்பு உடன்படிக்கைப்படி, ஒரு நாடு ஏவிய பொருள் தரையில் சேதம் செய்தால் அந்த நாடு இழப்பீடு தர வேண்டும். யார்மேல் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம். இந்தியாவும் இதில் சேர்ந்திருக்கிறது.

ஆனால் இந்த உடன்படிக்கையின்கீழ் நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. உங்களுக்காக இந்திய அரசுதான் தூதரக வழியில் கேட்க வேண்டும். கேட்டே தீர வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தும் வரி அதில் இல்லை. உங்கள் மனு வி.ஏ.ஓ., தாசில்தார், ஆட்சியர் என்று மேசை மேசையாக ஏறி டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும். அரசு அந்த நாட்டிடம் கேட்பதற்கான கெடுவோ ஒரே வருடம். சேதம் நடந்த நாளிலிருந்து, அல்லது எந்த நாட்டுப் பொருள் என்று தெரியவந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும். ஏவிய நாட்டு நீதிமன்றத்தில் நீங்களே வழக்குப் போடவும் வழி உண்டு. ஆனால் அந்த வழக்கு நடக்கும்போது அதே சேதத்துக்கு அரசு இந்த வழியில் கேட்க முடியாது. எங்கும் கையெழுத்துப் போடுமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலருக்கும் தெரியாத பொறி இன்னொன்று: சொந்த நாட்டு ராக்கெட் என்றால் இந்த உடன்படிக்கை செல்லாது. இஸ்ரோ ஏவிய ராக்கெட்டின் பாகம் பழவேற்காட்டு மீனவர் வலையைக் கிழித்தால், அவர் இந்தியச் சட்டப்படிதான் கேட்க முடியும். அதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. 2017இல் வெளியான வரைவு மசோதா இன்னும் சட்டமாகவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து கழித்துவிட்ட பாரத்தின் 700 கிராம் உலோகத் துண்டு ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. துண்டு நாசாவுடையது, குடும்பமும் அமெரிக்கக் குடும்பம். அதனால் அவர்கள் நாசாவிடமே இழப்பீடு கேட்டு மனுச் செய்ய வேண்டியதாயிற்று.

துண்டைத் தொடாதீர்கள். நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம். பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். உங்கள் வயலில் கிடந்தாலும் அது ஏவியவர்களின் சொத்துதான். மேலே சுற்றும் குப்பைக்கும் இதே கதைதான்: செத்துப்போன செயற்கைக்கோளை உரிய நாட்டின் அனுமதியில்லாமல் இன்னொருவர் அப்புறப்படுத்த முடியாது. 2024இல் ஜப்பானின் ஆட்ராஸ்-ஜே என்ற விண்கலம் நெருங்கிப்போய்ப் பார்த்ததும் ஜப்பானின் சொந்த ராக்கெட் பாகத்தைத்தான். சுத்தம் செய்யும் வேலை இப்படி இழுத்துக்கொண்டே போக, கீழே இருப்பவர்கள் தலைக்குமேல் ஆபத்து தொங்குகிறது.

போலீஸ் வந்து துண்டை எடுத்துப் போய்விட்டால் உங்கள் கையில் சாட்சியம் மிஞ்சாது. அதற்குமுன் பக்கத்தில் ஒரு அளவுநாடாவை விரித்து வைத்துப் படம் எடுங்கள். அதில் இருக்கும் எழுத்து, எண், திருகாணி எல்லாம் தெளிவாக விழ வேண்டும். உடைந்த கூரையையும் செத்த மாட்டையும் தனித்தனியாக எடுங்கள். கைப்பற்றியதற்கான மகஜர் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘அப்புறம் வாங்க’ என்றால் நகராதீர்கள்.

தொகையிலும் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். 1978இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவில் விழுந்து சிதறியது. கனடா கேட்டது 60 லட்சம் கனடிய டாலருக்கு மேல். மூன்று வருடம் கழித்து, 1981இல் ஒப்புக்கொண்ட தொகை 30 லட்சம். ஒரு நாடே கேட்டுக் கிடைத்தது அவ்வளவுதான்.

மனுவை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆட்சியருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை வெளியுறவு அமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அந்த ஒரு வருடக் கெடு முடியுமுன்பே அரசிடம் மனுக் கொடுத்தீர்கள் என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தச் சீட்டுதான்.