பல்லைக் காட்டும் குரங்கு சிரிக்கிறதா?

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஓரச் சுவர்களில் நாட்டுக்குரங்குகள் உட்கார்ந்திருக்கும். வால்பாறையைக் கடந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் கேரளப் பக்கத்திலும் குரங்கைக் கண்டால் வண்டி நின்றுவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போய் மொபைலை நீட்டுவார்கள். குரங்கு உதட்டைப் பின்னுக்கு இழுத்து இரண்டு வரிசைப் பல்லையும் காட்டும். "பாரு, உன்னப் பாத்து சிரிக்குது" என்பார் அப்பா.

அந்த நேரத்தில் அந்தக் குரங்குக்கு இருப்பது பயம். கண்ணுக்குக் கண் நேராகப் பார்ப்பது குரங்குக் கூட்டத்தில் மிரட்டல். அதைவிடப் பெரிய உருவம் ஒன்று முறைத்துக்கொண்டே நெருங்கினால், "நான் சண்டைக்கு வரல, விட்டுடு" என்று சொல்ல அதற்குத் தெரிந்த வழி அதுதான். கொழுந்து பறிக்கும் அக்காக்களுக்கு இது நன்றாகவே தெரியும். "அது பயந்து இளிக்குதுங்க, இன்னும் கிட்டப் போனா கடிச்சிரும்" என்பார்கள். மிரட்டும் குரங்கின் முகம் வேறு மாதிரி இருக்கும்: புருவம் ஏறி, வாய் வட்டமாகத் திறந்து, பார்வை அசையாமல் நிற்கும்.

ஆனாலும் அந்த இளிப்புக்கும் நம் புன்னகைக்கும் உறவு உண்டு. 1872-இல் சார்லஸ் டார்வின் மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதம் பற்றித் தனி நூலே எழுதினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1972-இல், நெதர்லாந்து விலங்கியலாளர் யான் வான் ஹூஃப் ஒரு கருத்தை முன்வைத்தார்: புன்னகையும் சிரிப்பும் ஒரே உணர்ச்சியின் சிறிய, பெரிய அளவுகள் அல்ல, இரண்டும் தனித்தனி வழியில் வந்தவை.

புன்னகையின் வழியை இன்று வாழும் இனங்களிலேயே பார்க்கலாம். வட இந்தியாவில் அதிகம் காணும் ரீசஸ் குரங்குகளில் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் கூட்டத்தில் கீழ்நிலையில் இருக்கும் குரங்குதான். மேல்நிலையில் இருக்கும் வலிய குரங்கு காட்டுவது அபூர்வம். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் டோங்கியன் குரங்குகளிடம் மேல் கீழ் வித்தியாசம் அவ்வளவு கறார் இல்லை. அங்கே வலியதும் பல்லைக் காட்டும், "பயப்படாதே" என்ற பொருளில். சிம்பன்சிகளில் இது சமாதானத்துக்கும் பயன்படுகிறது, நட்புக்கும் பயன்படுகிறது. தோற்றவரின் சைகை மெல்ல மெல்ல இருவருக்கும் பொதுவாகி, "என்னால் உனக்கு ஆபத்தில்லை" என்ற உறுதியாக மாறியிருக்கிறது. மேலதிகாரி முன்னால் நமக்குத் தானாக வரும் அந்தச் சங்கடமான புன்னகையில் பழைய பொருள் இன்னும் மிச்சம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். பிறவியிலேயே பார்வையும் செவியும் இல்லாத குழந்தைகளும் புன்னகைக்கிறார்கள். யார் முகத்தையும் பார்த்துக் கற்றது அல்ல அது.

சிரிப்பு விளையாட்டிலிருந்து வந்தது. வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக் குட்டிகள் கட்டிப் புரள்வதைக் கவனித்தால், வாய் தளர்வாகத் திறந்திருப்பதும் கடிப்பது போல வந்து கடிக்காமல் விடுவதும் தெரியும். "இது விளையாட்டு, நிஜச் சண்டை இல்லை" என்பதற்கான அடையாளம் அந்த வாய். சிம்பன்சி, கொரில்லா போன்ற வாலில்லாக் குரங்குகளில் அதோடு மூச்சின் ஒலியும் சேர்ந்தது. 2009-இல் ஆய்வாளர் மரினா தவிலா ராஸ் குழுவினர் ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, அதன் நெருங்கிய உறவான போனபோ ஆகியவற்றின் குட்டிகளுக்கும் மனிதக் குழந்தைகளுக்கும் கிச்சுகிச்சு மூட்டி, வந்த ஒலிகளை ஒப்பிட்டார்கள். ஒலிகளின் ஒற்றுமையை வைத்து வரைந்த குடும்ப மரம், மரபணு காட்டும் குடும்ப மரத்தோடு பொருந்தியது. சிரிப்பின் வேர் 1 கோடி முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிடம் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

சிம்பன்சி சிரிக்கும்போது மூச்சு உள்ளே போகையில் ஓர் ஒலி, வெளியே வருகையில் ஓர் ஒலி. ரம்பத்தால் மரம் அறுப்பது போலக் கேட்கும். நாமோ வெளியே விடும் ஒரே மூச்சைத் துண்டு துண்டாக வெட்டி "ஹ ஹ ஹ" ஆக்குகிறோம். நான்கு காலில் நடக்கும்போது மூச்சு காலடியோடு கட்டுண்டிருந்தது; இரண்டு காலில் நடக்கத் தொடங்கியதும் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டது, பேச்சும் இந்தச் சிரிப்பும் அதனால்தான் சாத்தியமாயின என்று சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன் விளக்கினார்.

எல்லாமே பிறவியில் வருவதும் இல்லை. ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பு என்றால் பயமே இல்லை. காட்டில் பிறந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைக் காட்டியதும் சீக்கிரமே பயந்தன. உளவியலாளர்கள் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் அப்படி அலறும் வீடியோவை வெட்டி ஒட்டி, பூவைக் கண்டு அலறுவது போல மாற்றிக் காட்டினார்கள். பூவுக்குப் பயப்பட அவை கற்கவில்லை. பயம் அனுபவத்தில் வருகிறது, ஆனால் எதற்குச் சட்டென்று பயப்படலாம் என்பதைப் பரிணாமம் முன்பே சாய்த்து வைத்திருக்கிறது.

அப்படியானால் குரங்கின் உள்ளே இருப்பது நம்முடைய பயம்தானா, நம்முடைய நிம்மதிதானா? இதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். பயத்தின்போது நடந்துகொள்ளும் விதமும் மூளையின் சுற்றுகளும் வேறு, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உணர்வது வேறு என்பது நரம்பியலாளர் ஜோசப் லெடூவின் எச்சரிக்கை. விலங்குக்கு உணர்ச்சி இல்லை என்று மறுப்பதுதான் பெரிய தவறு என்று கடைசிவரை வாதிட்டவர் குரங்கின ஆய்வாளர் ஃப்ரான்ஸ் டி வால். நான் டி வால் பக்கம். பேன் பார்க்கும்போது குரங்கின் இதயத் துடிப்பு தணிவதை அளந்திருக்கிறார்கள். நீண்டவால் குரங்குகளில் சண்டை முடிந்த பிறகு தோற்றது தன்னையே அடிக்கடி சொறிந்துகொள்ளும். அது பதற்றத்தின் அறிகுறி. அடித்ததே திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுவிட்டால், சில நிமிடங்களில் அந்தச் சொறிதல் வழக்கமான அளவுக்கு இறங்கிவிடும்.