"பரவாயில்லை சிஸ்டர்" என்று சொல்லாதீர்கள்: கீமோ எடுக்கும் இளைஞர்களுக்கு

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றும் வார்டில் நான் நர்ஸ். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்போம். போன தடவைக்கு அப்புறம் வாந்தி இருந்ததா, காய்ச்சல் வந்ததா, வாயில் புண் உண்டா, மோஷன் ஒழுங்காகப் போகிறதா. 60 வயதுப் பெரியவர் என்றால் அவரே விலாவாரியாகச் சொல்லிவிடுவார். அதே நாற்காலியில் 24 வயதுப் பையன் உட்கார்ந்திருந்தால் பதில் பக்கத்தில் நிற்கும் அம்மாவிடமிருந்துதான் வரும். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சிஸ்டர், நல்லாத்தான் சாப்பிடுறான்." பையன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் அவனிடமே திரும்பக் கேட்டால், "பரவாயில்லை சிஸ்டர்" என்பான்.

14 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தப் "பரவாயில்லை"யைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மனசு திக்கென்றுதான் இருக்கிறது.

ஒரு தடவை அப்படிச் சொன்ன ஒரு பையனின் அம்மா டீ வாங்கக் கீழே போனார். அந்த ஐந்து நிமிஷத்தில் அவன் மெதுவாகக் கையை நீட்டினான். "அக்கா, சட்டைப் பொத்தான் போட முடியலை. ரெண்டு வாரமா டி-ஷர்ட்டுதான் போடுறேன். டம்ளர் கையிலேர்ந்து நழுவுது." லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக அவனுக்குப் போய்க்கொண்டிருந்த மருந்துகளில் வின்கிரிஸ்டின் ஒன்று. அது நரம்பு நுனிகளைப் பாதிக்கும், விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். இது எங்களுக்குத் தெரிந்த விஷயம், சொன்னால் டாக்டர் அளவைக் குறைப்பார், தேவைப்பட்டால் நிறுத்தியே விடுவார். சொல்லாமல் அடுத்தடுத்த டோஸ் ஏறினால் அந்த மரப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கும். அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா பயந்துடுவாங்க. அப்புறம் மருந்தைக் குறைச்சா நோய் திரும்பிடுமோன்னு எனக்கே பயமா இருந்துச்சு" என்றான். இரண்டாவது காரணத்தை நான் அதிகம் கேட்கிறேன். எந்த மருந்தை எவ்வளவு குறைக்கலாம், எதற்குப் பதில் எதைத் தரலாம் என்பதையெல்லாம் யோசித்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். பக்கவிளைவைச் சொன்னதால் சிகிச்சை கெட்டுப்போகாது.

15 வயதிலிருந்து 39 வரை உள்ளவர்களைப் புற்றுநோய் மருத்துவத்தில் தனிப் பிரிவாகவே பார்க்கிறார்கள். இவர்களுக்கு வரும் ஹாட்ஜ்கின் லிம்போமா, ரத்தப் புற்றுநோய், விதைப்பைக் கட்டி, எலும்புப் புற்றுநோய் போன்றவற்றில் பலவும் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். குணமாக்கிவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கொடுக்கிறோம், உடம்பும் தாங்கும் என்பதால் அளவும் அழுத்தமாகவே இருக்கும். சின்ன வயசு, சமாளித்துவிடுவான் என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஆனால் கீமோ வாந்தி வயதானவர்களைவிடச் சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம், அதிலும் பெண்களுக்கு இன்னும் அதிகம். யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை, அதனால் வாந்தி எடுக்கும் பெண் தன்னையே பலவீனமானவள் என்று நினைத்துக்கொள்கிறாள்.

வாந்தி மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். குமட்டல் வந்த பிறகு போடுவதற்கு அல்ல அது, வருவதற்கு முன்னால் போடுவதற்கு. முதல் நாள் நன்றாக இருந்தது என்று இரண்டாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டின் மாதிரியான கீமோ மருந்துக்கு இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் உச்சம். சீட்டில் எழுதியபடி முழுசாகப் போடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் காலையில் சாப்பிட்டதும் போட்டுவிடுங்கள், ராத்திரி போட்டால் தூக்கம் போய்விடும். தெரு முனைக் கடையில் கேட்டு மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். இளம் வயதில் சிலருக்கு அது கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண் மேலே சொருகி, தாடையைப் பூட்டிவிடும். ஊசி போட்டால் சரியாகிவிடும், ஆனால் அந்த அரை மணி நேரம் வீட்டில் எல்லோரும் வலிப்பு என்று நினைத்து அலறிவிடுவார்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம், புத்தகத்தில் தேடாமல் நோயாளிகளிடமிருந்து நான் கற்றுக்கொண்டது: உங்களுக்கு ரொம்பப் பிடித்ததைக் கீமோ நாளில் சாப்பிடாதீர்கள். தெம்பாக இருக்கட்டும் என்று காலையில் பிரியாணி வாங்கிக்கொடுத்துக் கூட்டி வருவார்கள், சாயங்காலம் அது அப்படியே வெளியே வரும், அப்புறம் சிகிச்சை முடிந்து வருஷமானாலும் அந்த வாசனையே ஆகாது. அன்றைக்கு இட்லி, ரசம் சாதம், தாளிக்காத மோர் சாதம் போதும். சூடான சாப்பாட்டின் வாசனையே குமட்டினால் ஆறவைத்துச் சாப்பிடலாம், சமைக்கும்போது மாடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் திரும்பும்போதே, ஸ்பிரிட் வாசனை வந்ததுமே சிலருக்கு வாந்தி வரும். மனப்பிரமை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூளை அதைக் கற்றுக்கொண்டுவிட்டது, அதற்கும் தனியாக மாத்திரை இருக்கிறது, சொன்னால் அடுத்த தடவை முந்தின ராத்திரியே போடச் சொல்வார்கள்.

சரி, இப்போது காய்ச்சல். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை, சுமாராக, வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். "கவுன்ட் இறங்கிடுச்சு" என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்த நாட்களில் உங்களுக்குள் இருக்கும் கிருமியே, உங்கள் வாயிலும் குடலிலும் சும்மா கிடந்ததே, ரத்தத்தில் ஏறிவிட முடியும். எதிர்த்துப் போராட அணு இல்லாததால் சீழ் கட்டாது, சளி வராது, தொண்டைகூடச் சிவக்காது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், காட்டினால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ரத்தக்குழாயில் ஏறிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. காய்ச்சல் இல்லாமல் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரிக் குளிர் வந்தாலும் அதே அவசரம்தான்.

ஒரு பையன், 23 வயது. மூன்றாவது சுற்றுக் கீமோ முடிந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி 101. மறுநாள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம், வீடு நிறைய ஆட்கள். ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது, சட்டையெல்லாம் மாற்றிப் போட்டோவுக்கு நின்றிருக்கிறான். மாத்திரை காய்ச்சலைத்தான் மறைத்தது, கிருமி அங்கேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கொண்டுவந்தபோது பி.பி. கிடைக்கவில்லை, கை ஐஸாக இருந்தது. ஆறு நாள் ஐ.சி.யு. பிழைத்துவிட்டான். வார்டுக்கு வந்த பிறகு, "எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க அக்கா, நான் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்" என்றான். அவன் அக்கா வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அந்த நிச்சயப் புடவையோடு அழுதுகொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்கவே மறக்காது.

அதனால் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். காய்ச்சல் தெரிந்தால் முதலில் மாத்திரை அல்ல, முதலில் போன். உங்கள் ஊர் டாக்டரிடம் போக வேண்டி வந்தால் உள்ளே நுழையும்போதே "நான் கீமோவில் இருக்கேன், இன்னைக்கு ஒன்பதாவது நாள்" என்று சொல்லிவிடுங்கள், இடுப்பில் ஊசி போட்டு அனுப்பிவிட விடாதீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் குறைந்திருக்கும் நாட்களில் தசையில் போடும் ஊசி ரத்தக்கட்டாகும், ஆசனவாயில் வைக்கும் மருந்தும் அப்போது வேண்டாம். தூரத்து ஊராக இருந்தால் 108க்குக் கூப்பிடக் கூச்சப்படாதீர்கள்.

தொற்று என்றதும் வீட்டில் பழத்தை நிறுத்துவார்கள், குளிக்க விடமாட்டார்கள், சளி பிடிக்குமாம். தினமும் குளிக்க வேண்டும். பழத்தை நன்றாகக் கழுவித் தோலுரித்துச் சாப்பிடலாம், வெட்டி வைத்த பழமும் ரோட்டோர ஜூஸும் அதில் போடும் ஐஸும்தான் ஆகாது. பழைய சோறு கொஞ்ச நாளைக்கு வேண்டாம், சூடாகச் சமைத்ததே போதும். வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் கொப்பளித்துத் துப்புங்கள், எரியும் மவுத்வாஷ் வேண்டாம். முள்சீத்தா இலை, கோதுமைப் புல் சாறு என்று யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், அன்பில்தான் கொடுக்கிறார்கள். அதைக் குடித்துவிட்டு எங்களிடம் மறைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள், ஏனென்றால் ஈரல் டெஸ்ட் ஏறி நிற்கும்போது எது காரணம் என்று தெரியாமல் நாங்கள் கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

இன்னும் சில விஷயம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. டாக்சோருபிசின், அந்தச் சிவப்பு மருந்து, ஏறிய ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல. ஆனால் அதே மருந்து ஏறும்போது கையில் எரிச்சலோ வலியோ வந்தால் அந்த நொடியே கூப்பிடுங்கள், ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோலை அரித்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் தூங்குகிறாரே, சிஸ்டர் வேலையாக இருக்கிறாரே என்றெல்லாம் பார்க்காதீர்கள். மூன்று நாள் மோஷன் போகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். 20 வயதுப் பெண் எங்களிடம் அதைச் சொல்ல எவ்வளவு கூசுவாள் என்று எனக்குத் தெரியும், காதோடு சொன்னாலும் போதும்.

முடி பெரும்பாலான மருந்துகளில் இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். தலையணையில் கொத்தாகக் கிடப்பதைப் பார்ப்பதைவிட முன்னாலேயே வெட்டிக்கொள்வது நல்லது என்று பல பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். மொட்டைத் தலை நம் ஊரில் யாருக்கும் புதிது இல்லை, பஸ்ஸில் "திருப்பதியாம்மா, பழனியா?" என்றுதான் கேட்பார்கள். என்னிடம் வரும் ஒரு கல்லூரிப் பெண் அப்படிக் கேட்டவரிடம் பழனி என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் நிஜமாகவே பழனிக்குப் போய் வந்தாள். ஆனால் புருவமும் இமையும் போனபோது அவள் கண்ணாடியை மூடி வைத்துவிட்டாள். அந்த வாரம் அவளிடம் அதிகம் பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருந்து நின்று இரண்டு மூன்று மாதத்தில் முடி திரும்ப வளர ஆரம்பிக்கும், முதலில் சுருட்டையாகக்கூட வரலாம்.

வீட்டில் யாருமே வாயைத் திறக்காத விஷயம் பிள்ளைப்பேறு. கல்யாணம் ஆகாத பையனிடம் இதை எப்படிக் கேட்பது என்று அப்பா வெளியே போய்விடுவார், அம்மா "முதல்ல உயிர் பிழைக்கட்டும்" என்பார். எனக்கு அந்த அம்மாவின் பயம் புரிகிறது. ஆனாலும் இது முதல் கீமோவுக்கு முன்னால் பேச வேண்டியது, பிறகு பேசிப் பெரிதாகப் பயனில்லை. சைக்ளோபாஸ்ஃபமைடு, ஐஃபோஸ்ஃபமைடு போன்ற கீமோ மருந்துகள் அதிக அளவில் போனால் விந்தணுவும் சினைமுட்டையும் நிரந்தரமாகக் குறையலாம். பையன்களுக்கு விந்தைச் சேமித்து உறையவைக்க ஒன்றிரண்டு நாள் போதும். பெண்களுக்கு முட்டையை எடுத்து உறையவைக்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும், நோய் அவ்வளவு நாள் காத்திருக்குமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். முடியும் முடியாது என்பது அப்புறம், கேட்டுவிடுவது உங்கள் உரிமை. டாக்டர் ஞாபகப்படுத்தாவிட்டால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். கல்யாணமானவர்கள் சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்னும் வரை கட்டாயம் கருத்தடை முறையில் இருக்க வேண்டும், மாதவிடாய் நின்றுவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது.

களைப்பு பற்றிக் கடைசியாக. இந்தக் களைப்பு தூங்கினால் போகாது. படுத்தே இருந்தால் கூடும். மொட்டை மாடியில் 15 நிமிஷம், முடியாத நாளில் 5 நிமிஷம் நடங்கள். தலைசுற்றினால், மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால் அது வெறும் களைப்பு இல்லை, ரத்தம் குறைந்திருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

பொத்தான் போட முடியாமல் இருந்த பையனுக்கு நான் அன்றைக்கு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கீமோ நாளை ஒன்று என்று வைத்துத் தினமும் ராத்திரி நாலு வரி எழுதச் சொன்னேன், கேள்வி கேட்கும்போது அம்மா பேசுவதற்கு முன் அதை என் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அடுத்த தடவை வந்தபோது கொடுத்தான். விரல் மரத்த கையெழுத்து, கோணலாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் பக்கத்தில் இப்படி இருந்தது: "99.2. குளிர் இல்லை. சாம்பார் வாசனை பிடிக்கலை. பொத்தான் ரெண்டு போட்டேன், மூணாவது முடியலை. அம்மாகிட்ட சொன்னேன். அழலை."