சிடி ஸ்கேனில் சிக்காத அடி

வீட்டு வன்முறை என்றதும் கன்றிய கண்ணும் உடைந்த பல்லும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அடிக்கிற கை பெரும்பாலும் குறிவைப்பது தலை, முகம், கழுத்து ஆகியவற்றை. தோலில் பட்டது சில வாரங்களில் ஆறிவிடும். மண்டைக்குள் என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லை.

சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விழுந்தால் தலை சட்டென்று திரும்பும். குடத்தை வெடுக்கென்று சுழற்றினால் குடம் திரும்பிவிடும், உள்ளிருக்கும் தண்ணீர் பின்தங்கும். மூளையும் அப்படிப் பின்தங்குகிறது. அதன் மேற்பரப்பும் ஆழமும் வெவ்வேறு வேகத்தில் திரும்புவதால், இரண்டையும் இணைக்கும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலை சுவரில் மோத வேண்டும் என்பதில்லை. கழுத்துத் தசை வலுவில்லாத கைக்குழந்தையை வேகமாக உலுக்கினாலே உயிர் போகலாம்.

அந்த நரம்பிழைக்கு ஆக்ஸான் என்று பெயர். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. மெதுவாக இழுத்தால் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்தாலோ விறைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் நுண்குழல்கள் முறியும். நரம்பணுவின் புரதங்கள் பயணம் செய்வது இந்தக் குழல்களின் வழியாகத்தான். முறிந்த இடத்தில் அவை தேங்க, இழை முடிச்சு முடிச்சாக வீங்குகிறது. பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து அங்கேயே அறுந்தும் போகலாம். அதாவது, அடித்தவர் கையை எடுத்த பிறகும் காயம் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதே நேரத்தில் நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. இந்தக் குளறுபடியைச் சரிசெய்ய ஏராளமான குளுக்கோஸ் வேண்டும். ஆனால் அப்போது பார்த்து ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. இந்த ஆற்றல் பஞ்சம் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். அதற்குள் இன்னோர் அடி விழுந்தால் சேதம் பெருகும். தலையில் அடிபட்ட வீரரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவது இதனால்தான். வீட்டில் அடி வாங்குபவரை வெளியேற்ற நடுவர் இல்லை.

கழுத்தை நெரிப்பது வேறு வழியில் அதே இடத்துக்குக் கொண்டுபோகிறது. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோடிட் தமனிகள் இரண்டும் அழுத்தப்பட்டால் சுமார் 10 விநாடியில் நினைவு தப்பும். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் பாதிக்கப்படும் பகுதிகளில் ஒன்று, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ். கழுத்தில் தழும்பே இல்லாமலும் இது நடக்கும்.

குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லேண்ட் 1928-இல் எழுதினார். கணவனிடம் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய 76 வயதுப் பெண்ணின் மூளையிலும் அதே சிதைவு இருந்ததாக 'லான்செட்' மருத்துவ இதழில் குறிப்பு வெளிவந்தது 1990-இல். மேடையில் வாங்கிய குத்துக்கும் வீட்டில் வாங்கிய குத்துக்கும் இடையே 62 ஆண்டுகள்! 2003-இல் ஈவ் வலேராவும் சக ஆய்வாளரும் துணைவரிடம் அடிபட்ட 99 பெண்களை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ நான்கில் மூவருக்கு அந்த வன்முறையால் ஒருமுறையாவது மூளைக் காயம் ஏற்பட்டிருந்தது, பாதிப் பேருக்குப் பலமுறை.

சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும்; இழுபட்ட ஆக்ஸானைக் காட்டாது. ஆகவே 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு தலைவலி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், மறதி, எரிச்சல், தூக்கமின்மை. சம்பவத்தை வரிசையாகச் சொல்ல வராது. முதல் நாள் சொன்னதும் மறுநாள் சொல்வதும் பொருந்தாது. விசாரிப்பவர் காதில் அது பொய்யாக விழுகிறது, உறவினர் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரிகிறது. எனக்கு இந்த விஷயத்தில் பெரிதும் உறுத்துவது இதுதான்: காயத்தின் அறிகுறியே காயம்பட்டவருக்கு எதிரான சாட்சியாகிறது.

'தலையில் அடிபட்டதா?' என்று மட்டும் கேட்டால் பலர் இல்லை என்பார்கள். நெரித்ததையும் உலுக்கியதையும் அடியாக அவர்கள் எண்ணுவதில்லை. கழுத்தைப் பிடித்தாரா, இடையில் என்ன நடந்தது என்று நினைவில்லாத நேரம் உண்டா, அதன்பின் குரல் மாறியதா, விழுங்கச் சிரமமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நெரித்ததில் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் பல நாட்கள் கழித்துக்கூட வரலாம். நெரிக்கப்பட்டவர் தழும்பு இல்லாவிட்டாலும், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லிக் கழுத்து ரத்தக்குழாய்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.