டீ நேரத்து அரட்டையும் 0.2 நொடியும்

பேச்சுக் குறைபாடு உள்ள ஊழியருக்கு மீட்டிங்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைப்போம். மீட்டிங் பரவாயில்லை. எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று முன்பே தெரியும், தயாராகிப் போகலாம். டீ குடிக்கும்போது ஒருவர் "நேத்து மேட்ச் பார்த்தீங்களா?" என்று கேட்கிறாரே, சிக்கல் அங்கேதான்.

ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி பெரும்பாலும் 0.2 நொடிதான். பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியான ஆய்வில், மொழிக்கு மொழி பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லவே சுமார் 0.6 நொடி ஆகும். கணக்கு இடிக்கிறதா? எதிரில் இருப்பவர் பேசும்போதே அவர் எப்படி முடிப்பார் என்று ஊகித்து, பதிலைத் தயார் செய்துவிடுகிறோம்.

திக்குவாய் உள்ளவருக்குச் சொல் தயார், வாய் நகராது. பக்கவாதத்துக்குப் பின் அஃபேசியா (மூளை பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடு) வந்தவருக்குச் சொல்லே சிக்காது. தட்டியதைக் குரலில் சொல்லும் பேச்சுக் கருவியில் தட்டிப் பேசுபவர் நிமிடத்துக்குப் பத்துச் சொல் தட்டுவதாக வைத்துக்கொள்வோம். "இல்லீங்க, கரண்ட் போயிடுச்சு, பாதிதான் பார்த்தேன்" என்று சொல்ல அரை நிமிடம். அதற்குள் பேச்சு மேட்சிலிருந்து டிராஃபிக்குக்குப் போயிருக்கும். கருவி "கரண்ட் போயிடுச்சு" என்றதும் எல்லோரும் விளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள்!

வெட்டிப் பேச்சுதானே, போனால் போகட்டும் என்று விட முடியாது. தகவலுக்காக அல்லாமல் உறவுக்காகப் பேசும் பேச்சைப் பற்றி மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இலேயே எழுதினார். அலுவலகத்தில் தகவலும் அதிலேயே கலந்து வரும்: மேனேஜர் இன்று என்ன மூடில் இருக்கிறார், எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். நியூசிலாந்தில் மொழியியலாளர் ஜேனட் ஹோம்ஸ் குழு, அறிவுசார் குறைபாடுள்ள தொழிலாளர்களின் வேலையிடப் பேச்சையும் ஆராய்ந்தது. வேலை தெரிந்தவருக்கும் இந்தச் சில்லறைப் பேச்சு தனிச் சவால். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒரு நல்ல விஷயம், அரட்டையில் பாதி வழக்கமான வாக்கியங்கள்தான். "சாப்பிட்டாச்சா", "அப்புறம்?", "அட, அப்படியா!" இவற்றைக் கருவியில் முன்பே சேமித்து, ஒரே பொத்தானில் சொல்ல வைக்கலாம். அஃபேசியா வந்தவர்களிலும் பலருக்கு, வேறு சொற்கள் வராதபோதுகூட இதுபோன்ற பழகிய வார்த்தைகள் தாமாக வரும். என்னைக் கேட்டால் முதலில் சேமிக்க வேண்டியது, "இருங்க, இதைப் பத்தி ஒண்ணு சொல்லணும்". அதைக் கேட்டதும் மற்றவர்கள் பேச்சை மாற்றாமல் அந்த அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அவர் கேட்காமல் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவும் கூடாது.